மாடித் தண்ணிக்கு வச்ச சீல்

வெள்ளவத்தையில எங்கட ஃபிளட்டில ஆறு மாடி, பதினெட்டு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு நிர்வாகக் குழு. இதில ஓயாம வேலை செய்யிறது நிர்வாகக் குழு மட்டும்தான்.

கரண்ட் போனா லிஃப்ட் நிண்டிடும். அதுக்கு ஒரு தீர்வு காணவேணுமெண்டு குழுத் தலைவர் நாகேந்திரம் அண்ணை தெஹிவளைக்குப் போய் ஒரு ஹைட்ரஜன் மெஷினோட வந்து இறங்கினார். முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கந்தோரில இருந்து பென்சன் எடுத்த மனுசன். தொண்டையைச் செருமிப்போட்டுத்தான் கதைப்பார்.

"ம்ஹும். தண்ணியை ஊத்தினா ஹைட்ரஜன் வரும். ஹைட்ரஜன் எரிஞ்சா கரண்ட் வரும். எரிஞ்ச ஹைட்ரஜன் திரும்பத் தண்ணியா வரும். அதையே திரும்ப ஊத்தலாம். ஒரு வாளி பேரப்பிள்ளையள் காலம் வரைக்கும் காணுமாம்."

மூண்டாம் மாடி சுதர்சினி ரீச்சர் கூட்டத்தில எழும்பினா. ஏ லெவல் பிள்ளையளுக்குக் கெமிஸ்ட்ரி ரியூஷன் குடுக்கிறவ.

"அண்ணை, தண்ணி எண்டுறது ஹைட்ரஜன் ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி. அதைப் பிரிக்கக் குடுக்கிற கரண்டை விடத் திரும்பி வாறது குறைவு."

"எப்ப குறைவு?"

"எப்பவும் குறைவு."

"ரீச்சர், நீங்கள் ஒரு நல்ல காரியத்தில எதிர்மறையாக் கதைக்கிறீங்கள். வாக்கெடுப்புக்கு விடுவம்."

எங்கட பதினெட்டு வீட்டில பத்து வீட்டுக்காரர் ரொறன்ரோவிலயும் லண்டனிலயும். அவையள் வட்ஸப்பில வாக்குப் போடுவினம். அங்க லிஃப்ட் ஒழுங்கா ஓடுறபடியா அவையளுக்கு எல்லாத்திலயும் நம்பிக்கை. கெமிஸ்ட்ரி பதின்மூண்டுக்கு அஞ்சு எண்ட கணக்கில தோத்துப் போச்சு. மினிட்ஸ் புத்தகத்திலயும் ஏறிட்டுது.

மெஷினை லிஃப்டுக்குப் பூட்டினம். அதுக்குக் கரண்ட் வேணும். கரண்ட் இருக்கேக்க அருமையா ஓடிச்சுது.

இதோட விட்டிருக்கலாம். ஆனா கந்தோரில இருந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்குமோ? ஒருத்தரும் கேக்காமலே, "மேற்படி கட்டடத்தில் நீரானது எரிபொருளாகப் பயன்படுத்தப்படுகின்றது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்" எண்டு ஒரு கடிதம் அடிச்சு, அஞ்சு பிரதியோட அரசாங்கத்தின்ர மாற்று எரிபொருள் ஒழுங்குபடுத்தும் அலகுக்கு அனுப்பிவிட்டார்.

மூண்டாம் நாள் அலகு வந்திட்டுது. அலகு எண்டா ஒஸ்வால்ட் சேர். கொட்டாஞ்சேனை ஆள். நல்ல மனுசன்தான், ஆனா கையில நிரப்ப ஒரு ஃபோம் இருக்கேக்க இல்லை.

"எரிபொருள் தண்ணி எண்டு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஓம் சேர்."

"அந்தத் தண்ணி எங்க?"

"மொட்டை மாடித் தாங்கியில."

"எத்தனை லீற்றர்?"

"பத்தாயிரம்."

சேர் ஒருக்கா மேல பாத்தார். பிறகு ரெண்டடி பின்னுக்கு நிண்டார். "பத்தாயிரம் லீற்றர் எரிபொருள்! லைசென்ஸ் இல்லாம! ஆக்கள் படுக்கிற தலைக்கு மேல!"

"சேர், அதில நாங்கள் குளிக்கிறனாங்கள்," எண்டன் நான்.

"எரிபொருளிலயா?" எண்டு அதையும் எழுதிக் கொண்டார். பத்து நிமிசத்தில தாங்கிக்குச் சீல்.

கீழ் வீட்டு ராக்கம்மா அக்கா மாவுக் கையோட ஓடி வந்தா. பக்கத்து லொட்ஜுக்குச் சாப்பாடு குடுக்கிறவ. அடுத்த நாள் ஒரு கலியாண வீட்டுக்கு நூறு பேருக்குக் காலைச் சாப்பாடு ஓர்டர்.

"சார், தண்ணி இல்லாம நான் இடியாப்பத்த எதுல அவிக்கிறது? இந்த ஓர்டர் தப்பினா லொட்ஜ்காரனும் வேற ஆளப் பாத்துருவான். அப்புறம் நான் அடுப்ப அணைச்சுட்டு உக்கார வேண்டியதுதான்."

"அம்மா, எரிபொருள்ல இடியப்பம் அவிக்க நான் அனுமதி குடுக்க ஏலாது."

சுதர்சினி ரீச்சர் படியால இறங்கி வந்தா. "சேர், தண்ணி எரியாது. அது எரிஞ்சு முடிஞ்ச சாம்பல்."

"சாம்பலா?" சேர் பையில இருந்து வேறொரு ஃபோம் எடுத்தார். "அப்ப கழிவு. கழிவைக் குழாய் வழியா வீடுகளுக்கு விநியோகிக்கிறது அதைவிடப் பெரிய குற்றம்."

"எரிபொருளும் இல்லை, கழிவும் இல்லை. வெறும் தண்ணி, சேர்!"

சேர் ரெண்டு ஃபோமையும் முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பிப் பாத்தார். "வெறும் தண்ணிக்கு இதில கட்டம் இல்லையே." கொஞ்சம் யோசிச்சார். "ஒரு வழி இருக்கு. இந்தத் தண்ணியில ஹைட்ரஜன் இல்லையெண்டு தகுதியான ஒராள் எழுதித் தந்தா, எங்கட அலகுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"தண்ணியில ஹைட்ரஜன் இல்லையெண்டோ? ஒவ்வொரு மூலக்கூறிலயும் ரெண்டு இருக்கு, சேர்!"

"ரெண்டுதானே ரீச்சர்," எண்டார் நாகேந்திரம் அண்ணை. "ஒண்டையாவது குறைச்சு எழுத ஏலாதோ?"

"அண்ணை, இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் படிப்பிக்கிறன்."

படி முழுக்கச் சனம் வெறும் வாளியோட நிக்குது. ரொறன்ரோவில இருந்து ஒருத்தர் வீடியோ கோலில, "ரீச்சர், ஏன் சும்மா பிடிவாதம்?" எண்டுறார். ராக்கம்மா அக்கா கிட்டப் போய் மெதுவாச் சொன்னா:

"டீச்சர், உப்பு கூடிப்போன குழம்ப, 'சரியா இருக்கு'ன்னு சொல்லித் தின்னுட்டுப் போன மாப்பிள வீட்டாள்க எத்தனையோ பேர நான் பாத்திருக்கேன். ஒருத்தரும் சாகல."

ரீச்சர் பேனை கேட்டா. "மேற்படி தாங்கியிலுள்ள நீரில் ஹைட்ரஜன் எதுவும் இல்லையென இத்தால் சான்றுப்படுத்துகிறேன்" எண்டு எழுதிப் பேரை மட்டும் போட்டா.

"பட்டத்தையும் போடுங்க. இல்லாட்டிச் செல்லாது," எண்டார் சேர்.

போட்டா. சேர் அரசாங்க முத்திரை குத்தினார். சீல் வெட்டுப்பட்டுது. விடிய நாலு மணிக்கு ராக்கம்மா அக்காவின்ர இடியாப்ப வாசம் ஆறாம் மாடி வரைக்கும் ஏறிச்சுது. கலியாண வீட்டில குறை சொல்ல ஒருத்தருமில்லை.

சான்றிதழ் எண்டு ஒண்டு இருந்தா நாகேந்திரம் அண்ணைக்குச் சுவரில கொழுவாமல் இருக்கேலாது. வாசல் குழாய்க்கு மேல கண்ணாடி போட்டுக் கொழுவினார். முதல்ல லொட்ஜ் ஆக்கள் வாசிச்சினம். பிறகு கடற்கரையில நடக்கிற ஆக்கள்.

"ஹைட்ரஜன் இல்லாத தண்ணியாம், அரசாங்க முத்திரையோட!"

"ஹைட்ரஜன் குண்டு செய்யிற சாமானெல்லோ? அதையே இவ்வளவு நாளும் குடிச்சனாங்கள்?"

"சீனி வியாதிக்கும் நல்லதாம்."

இப்ப காலமையில வரிசை காலி வீதி வரைக்கும் நிக்குது. தெஹிவளையில இருந்து ரயிலில கேனோட வருகினம். எங்கட ஃபிளட் ஆக்களும் தங்கட வீட்டுக் குழாயைப் பூட்டிப்போட்டுக் கீழ வந்து பிடிக்கினம். சான்றிதழுக்குக் கீழ பிடிக்கிறதுதான் வேலை செய்யுதாம். வரிசையை ஒழுங்குபடுத்துறது நான். என்ர முழங்கால் வலியும் குறைஞ்சிருக்கு, பொய் சொல்லக் கூடாது.

நேற்று வரிசையில சுதர்சினி ரீச்சர். கையில ரெண்டு போத்தல். நான் போத்தலுக்குக் கை நீட்டினன்.

"எனக்கில்லை," எண்டா. "அம்மாவுக்கு."

நிறைச்சுக் குடுத்தன். வாங்கிப் பாத்திட்டு ஒண்டைத் திருப்பி நீட்டினா.

"மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தாங்கோ. ஹைட்ரஜன் உள்ளுக்குப் போயிடும்."