குண்டசாலையில் ஆறடிக் கடல்

குண்டசாலை, கண்டி,
ஆடி 12.

மதிப்புக்குரிய மச்சான் வீரய்யா அவர்களுக்கு, ராஜலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை பிரேமிளாவும் இரண்டு மீன்களும் சுகம். கம்பளையில் தாங்களும் அண்ணியும் உங்கள் மகள், கல்யாணப் பெண் கஜலட்சுமியும் அவ்வாறே இருக்க முருகனை வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள். கடிதத்தில் நான் மட்டும்தான் பேசலாம்.

மீன்கள் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். சித்திரை வருடப்பிறப்பன்று உங்கள் வீட்டில், பாயாசம் பரிமாறும்போது, நான் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்றதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “காளான் வளர்த்தாரு, குளியலறை நாறிச்சு. தேனீ வளர்த்தாரு, தபால்காரரு ஒரு மாசம் அந்தப் பக்கமே வரல. இப்ப கடலா? மாப்புள, கண்டியில கடல்மீன் நாப்பது நாள் உசுரோட இருந்துச்சின்னா, புள்ள கல்யாணப் பந்தியில எந்திரிச்சு நின்னு, மாப்புள கெட்டிக்காரன்னு சத்தமா சொல்றேன்” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பிரேமிளாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான், மீன் விட்டு இன்று நாற்பத்தொன்றாவது நாள்.

எப்படிச் சாதித்தேன் என்பதை முறையாகச் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் மீன்கடை வைத்திருக்கும் பஹீமிடம்தான் தொட்டி வாங்கினேன். ஆறடி நீளம், அறுநூறு லீற்றர். வெயில் படாத சுவரோரம்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாசி பிடிக்கும் என்றார். எங்கள் ஹோலில் அப்படி ஒரே ஒரு சுவர்தான், நாலு வருடமாக ஒரு காலண்டர் மட்டும் தொங்கிய சுவர். காலண்டரைக் கழற்றி, இரும்புத் தாங்கியை வைத்து, நீர்மட்டக் குழாய் பிடித்து ஒரு நூல்கூடச் சரியாமல் நானே மட்டம் பார்த்தேன். நாலு ஆட்கள் தொட்டியைத் தூக்கிவந்து சுவரோடு சுவராக ஒட்டி வைத்தார்கள். பின்பக்கக் கண்ணாடிக்கு நீலத் தாள் ஒட்டினேன். பார்த்தால் சுவர் இருப்பதே தெரியாது. அடுத்து பஹீம் என்னைப் பார்த்து, “ஐயா, குழாய்த் தண்ணி மனுசருக்கு நல்லம், மீனுக்குக் குளோரின் ஆகாது, வடிகட்டி பூட்டணும்” என்றாரே பார்க்கலாம். முப்பத்தொரு வருடம் குடிநீர்ப் பகுதியில் உத்தியோகம் பார்த்து, குழாய்த் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்று எத்தனை முறைப்பாட்டுக்குப் பதில் எழுதிய கை இது! அதே கையால் என் வீட்டுக் குழாயில் வடிகட்டி பூட்டினேன். அந்தத் தண்ணீரில் கடலுப்பைக் கரைத்து, உப்பு அளக்கும் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்து, கூட்டி, குறைத்து, மூன்று நாள் அதே வேலை. அப்புறம் கண்டிக் குளிருக்கு ஹீற்றர். இந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், மீனுக்கு இருபத்தாறு பாகை. கடைசியாக ஸ்கிம்மர் என்று ஒரு குழாய். அது தண்ணீரில் உள்ள அழுக்கை நுரையாக்கி மேலே ஒரு கிண்ணத்தில் சேர்க்கும்.

இந்த ஸ்கிம்மரைப் போட்ட காலையில்தான் உங்கள் தங்கை தன் பங்கைச் செய்தாள். நல்ல நேரம் பார்த்துத் தொட்டிக்குப் பொட்டு வைத்து, அதன் முன்னால் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினாள். ஏன் என்று கேட்டதற்கு, “மீன் குடிவர்ற வீடுதானே, பால் காய்ச்சாம எப்பிடிங்க?” என்றாள். அதோடு விட்டாளா? நான் பிளக்கைச் சொருகக் குனிந்த நேரம் பார்த்து, காய்ச்சிய பாலில் மூன்று கரண்டியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். ஸ்கிம்மர் பாலைக் கண்டதும் நுரைத்தது. கிண்ணம் நிறைந்து, மூடியைத் தள்ளி, தாங்கியில் வழிந்து, ஹோல் முழுக்க நுரை. நான் கதிரைமேல் ஏறி நின்று கத்துகிறேன். அவளோ கைகூப்பிக்கொண்டு, “கிழக்குப் பக்கமா பொங்குதுங்க! ரொம்ப நல்லது!” என்கிறாள். பஹீமுக்குப் போன் போட்டேன். “யா அல்லாஹ், பாலா?” என்றார். இருநூறு லீற்றரை வாளியில் அள்ளிக் கொட்டினோம்.

அப்புறமும் ஆறு வாரம் மீன் விடக்கூடாது, தண்ணீர் பக்குவப்பட வேண்டும் என்றார் பஹீம். அந்த ஆறு வாரத்தை என்னால் மறக்க முடியாது. வருகிறவர்கள் எல்லாம் வெறும் தண்ணீரையும் நாலு கல்லையும் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் ஞாயிறுதோறும் போன் எடுத்து, “மாப்புள, தண்ணி சுகமா இருக்கா?” என்று விசாரித்தீர்கள். அதையும் தாங்கினேன். ஆறாம் வாரம் பஹீம் வந்து தண்ணீரைச் சோதித்து, இப்படி ஒரு பக்குவத்தை நான் கண்டதில்லை என்றார். பால் விசயத்தையும் யோசித்துவிட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது சாப்பாடாகியிருக்கலாம் என்றார். அன்று முதல் பிரேமிளாவின் கால் தரையில் படுவதில்லை.

அன்றே குடிவந்த இரண்டும் செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். காலையில் நான் விளக்கைப் போட்டதும் கண்ணாடியருகே வந்து நிற்கின்றன. நேற்றிரவு பிரேமிளா என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “நீங்க கெட்டிக்காரன்தாங்க” என்றாள். மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி நீங்கள் பந்தியில் எழுந்து சொல்வதுதான் பாக்கி. ஒலிவாங்கிக்கு நானே ஏற்பாடு செய்கிறேன்.

நிற்க. கஜலட்சுமிக்குச் சீதனமாக எழுதிக்கொடுக்க, உங்கள் வீட்டு உறுதிப் பத்திரம் புதன்கிழமைக்குள் சட்டத்தரணிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கவலையை விடுங்கள். நாலு வருடத்துக்கு முன், “பத்திரமா வைக்க உங்கள விட்டா யாரு மாப்புள” என்று நீங்கள் என் கையில் தந்த அதே மண்ணிறக் கவரில் அப்படியே இருக்கிறது. எந்தக் கள்ளனாலும் அதைத் தொட முடியாது. ஞாயிறு வந்து மீனையும் பார்த்து, உறுதியையும் வாங்கிப் போகலாம்.

அண்ணிக்கு என் வணக்கமும் மணப்பெண்ணுக்கு எங்கள் இருவரின் ஆசியும் சேரட்டும். தொட்டியில் உள்ளவர்களும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நாற்பத்தொரு நாள் வென்ற
ராஜலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பிரேமிளா வாங்கிப் படித்தாள். “அண்ணனோட உறுதிய எங்கங்க வச்சீங்க?” என்று கேட்டாள். சுவர் அலுமாரியில் என்றேன். “எந்தச் சுவரு?” என்றாள். மச்சான், அந்தக் காலண்டருக்குப் பின்னால்தான் சுவர் அலுமாரியின் கதவு. யார் கண்ணிலும் படக்கூடாதென்று நானே அதற்குச் சுவரின் நிறத்திலேயே பெயின்ற் அடித்துக் காலண்டரை மாட்டியிருந்தேன். என் கண்ணிலும் படவில்லை. தண்ணீர் முழுவதையும் இறைக்காமல் தொட்டி ஓர் அங்குலம்கூட நகராது. மீன்களை பஹீம் தன் கடையில் வைத்துக்கொள்வார். ஆனால் தொட்டியைத் திரும்ப நிரப்பினால், இன்னும் ஆறு வாரம் வெறும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆகவே ஞாயிறு வரும்போது பெரிய வாளி நாலு கொண்டு வாருங்கள். ஒன்று மட்டும். கதிரையில் உட்கார்ந்து பத்து நிமிடம் மீனைப் பார்த்து, பந்தியில் சொல்ல வேண்டியதை இங்கேயே சத்தமாகச் சொன்ன பிறகுதான் முதல் வாளியை முக்க விடுவேன்.