பிட்டு சாமியின் எலுமிச்சம்பழம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆந்திராவின் சாந்திபுரத்தில் நிற்க இடம் கிடையாது. குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பலமநேரிலிருந்து பஸ், எல்லை தாண்டி வேலூர்ப் பக்கத்திலிருந்துகூட வேன். எல்லாரும் பிட்டு சாமியைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

வேலூர்க்காரர் ஒருவர் முதலில் ஆடிப்போனார். அவர் ஊரில் பிட் என்றால் சட்டைக்கைக்குள் ஒளித்துக்கொண்டு போகிற துண்டுச் சீட்டு. "இன்னாங்க, சாமியே பிட் குடுக்கறாரா?" என்று வாயைப் பிளந்தார். ஆந்திரப் பள்ளிக்கூடத்தில் பிட் என்றால் நாலு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்லும் கேள்வி. அதற்கான விடைகளைத்தான் சாமி ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் விளக்கினார்கள். அவருக்கு நிம்மதி. பையன் காப்பியடித்தால் பாவம், சாமியே காப்பி கொடுத்தால் புண்ணியம் அல்லவா!

போன வருஷம் வரை சாமியின் பெயர் கோபிகிருஷ்ணன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடை படுத்தது, சாமி எழுந்தார். மெஷினை மட்டும் விற்கவில்லை. ஏன் என்று பக்தர்கள் கேட்கவில்லை. பக்தி என்றால் கேள்வி கேட்காததுதானே?

பிள்ளையின் ராசியைச் சொல்லித் தட்சிணை வைத்தால், ஒட்டிய கவர் ஒன்றும் எலுமிச்சம்பழம் ஒன்றும் கிடைக்கும். கவருக்குள் இருபத்தைந்து பிட்டுக்கும் விடை. பரீட்சைக்கு முந்தின நாள் பிரித்து மனப்பாடம் செய்ய வேண்டும். பழம் பரீட்சை முடியும்வரை பையில் இருக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பரீட்சை எழுதிவிட்டு வந்து விடைகளை யாரோடும் ஒத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வாக்கு பலிக்காது.

தேறினவன் மாலையோடு வந்தான். தேறாதவனை, "நீ எவன்கிட்டயோ ஒத்துப் பாத்துட்ட" என்று வீட்டிலேயே முதுகில் சாத்தினார்கள். சாமிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

சுஷ்மிதா அப்படி அடி வாங்கினவள். போன மாதத் தேர்வில், தெரிந்த விடைகளையெல்லாம் விட்டுவிட்டுச் சாமி சொன்னதையே குறித்து, இருபத்தைந்துக்கு ஐந்து வாங்கினாள். தக்காளி மண்டியில் கூடை தூக்கும் அவள் அம்மா தனபாக்கியம் அன்று சமைக்கவே இல்லை. இனி ஒரே வாய்ப்பு. இந்தக் கெமிஸ்ட்ரித் தேர்வில் இருபதுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குத் திருப்பதியில் இலவசமாகக் காலேஜ், ஹாஸ்டல். இல்லாவிட்டால் பத்தாவதோடு படிப்பு முடிந்தது; அவளுக்கும் மண்டியில் ஒரு கூடை.

"என் தலைமேல சத்தியம் பண்ணு. சாமி எழுதினத அப்படியே எழுதணும்" என்றாள் தனபாக்கியம். சுஷ்மிதா பண்ணினாள்.

வினாத்தாளில் முதல் பிட்: நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்குவது எது? ஏ, சுண்ணாம்புத் தண்ணீர். பி, உப்புத் தண்ணீர். சி, சோப்புத் தண்ணீர். டி, எலுமிச்சைச் சாறு.

சாமியின் விடை ஏ. பையிலிருந்து எலுமிச்சம்பழம் கும்மென்று மணத்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. அம்மாவின் தலையா, தன் படிப்பா? பேனா கொஞ்ச நேரம் ஏ மேலேயே நின்றது. பிறகு அவள் டி என்று குறித்தாள். மீதி இருபத்துநாலையும் படித்ததை வைத்தே எழுதினாள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மாவின் தலை இருந்த இடத்திலேயே இருந்தது. பேன்கூட உதிரவில்லை.

அதற்குப் பிறகு என்ன பயம்? மறுநாள் பள்ளி வாசலில் கூடப் படிக்கும் ரகு, சபீனா, தருண் மூவரையும் பிடித்தாள்.

"முதல் பிட்டுக்குச் சாமி உனக்கு இன்னா குடுத்தாரு?"

"ஐயோ, ஒத்துப் பாக்கக் கூடாதுடி!" என்றாள் சபீனா. அவள் வீட்டிலும் கவர் வாங்கியிருந்தார்கள்; பரீட்சைப் பயத்துக்கு ஏது மதம்?

"நான் பாத்துட்டேன். பாவம் எனக்கு வரட்டும், சொல்லு."

சபீனாவுக்கு பி. ரகுவுக்கு சி. தருணுக்கு டி.

"அப்போ நான்தான் கரெக்ட்டு!" என்று தருண் குதித்தான். இரண்டாவது பிட்டில் ரகு குதித்தான். மூன்றாவதில் சபீனா. நாலாவதில் யாரும் குதிக்கவில்லை, புரிந்துவிட்டது. நாலு விடைகளையும் நாலு பேருக்குப் பங்கு போட்டால் எவனாவது ஒருவன் சரியாகத்தானே இருப்பான்!

"இத்த ஒத்துப் பாத்துடுவோம்னுதான்டா தடை போட்டிருக்காரு" என்றாள் சுஷ்மிதா. லேப் சாரிடம் கேட்டு ஒரு லிட்மஸ் தாளை வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரக் கணக்குப் பரீட்சைக்காகக் கவர் வாங்கிய கூட்டம் சாமியின் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது. தனபாக்கியம் முதல் வரிசையில். சுஷ்மிதா எழுந்து நாலு பேர் கவரிலும் இருந்த கெமிஸ்ட்ரி விடைச் சீட்டுகளை வரிசையாகப் படித்தாள்.

சாமி பதறவில்லை. "சூடம்மா, இங்க பாரு, ஒத்துப் பாத்தீங்க இல்ல? அதான் விடை மாறிடுச்சி."

"ஜெராக்ஸ் மை கூடவா சாமி மாறும்?"

"அது... ராசிக்கு ராசி விடை வேற!"

கூட்டம் தலையாட்டியது. அதற்குத் தலையாட்ட எப்போதும் ஒரு காரணம் போதும். சுஷ்மிதா சாமியின் தட்டிலிருந்தே ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். லிட்மஸ் தாளில் பிழிந்தாள். நீலம் சிவப்பானது. எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"இது டி. யாரு ராசிக்கு இது மாறும்? மேஷ ராசிக்காரங்க வாங்க, நக்கிப் பாருங்க. ரிஷபத்துக்கு இனிக்குதா? எலுமிச்சம்பழம் ராசி பாத்தா புளிக்குது?"

ஒருவர் நிஜமாகவே வந்து நக்கிப் பார்த்து முகம் சுளித்தார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. தனபாக்கியம் சிரிக்கவில்லை. கையிலிருந்த கணக்குக் கவரைக் கிழித்தாள். "என் பொண்ணுக்கு முதல் பிட்டு பி. உனுக்கு?" என்று பக்கத்துக்காரியைக் கேட்டாள்.

"டி."

"எங்களுக்கு ஏ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு மண்டபம் முழுக்கக் கவர் கிழிகிற சத்தம். பிள்ளைகளை ஒத்துப் பார்த்தாய் என்று அடித்தவர்கள் எல்லாரும் ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள் சாமி பின்பக்கமாகப் போய் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது. சுஷ்மிதாவுக்கு இருபத்துமூன்று. தனபாக்கியம் மகளின் முதுகைத் தடவியபடி, "அன்னிக்கி ஒன்ன அடிச்சிட்டனேடி" என்று அழுதாள்.

"விடும்மா. நானுந்தான் போன வாட்டி அந்த ஆளு சொன்னத நம்பிக்கினு எழுதினேன்."

அந்த வேலூர்க்காரர் மட்டும் மண்டப வாசலில் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார்: "எங்க ஊரு பிட்டே தேவல. அதுல விடையாவது கரெக்ட்டா இருக்கும்!"

அவர் சொன்னது உண்மைதான். காப்பியடிக்கிற பயல்கூட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் படித்தவனா என்று பார்த்துவிட்டுத்தான் எட்டிப் பார்க்கிறான். பெரியவர்களே, நீங்கள் அதைக்கூடப் பார்க்கவில்லையே!