ஜிபிஎஸ்ஸை நம்பாத மாப்பிள்ளை

கப்பல் எந்தக் கடலில் நின்றாலும் கர்த்தரின் கைக்குள்ளேயே இருக்கிற அருமை மகள் ஜெஸ்பினுக்கு, இரணியலிலிருந்து அப்பா நேசையன் வாழ்த்துச் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். செகண்ட் ஆபீசராகிய உன் சுகத்துக்கும் உன் கப்பலின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பார்த்திருக்கிற ஆன்ஸ்லின் நமக்குச் சரிப்பட மாட்டான். குவைத்தில் நர்ஸ், நல்ல குடும்பம், லட்சணமான பையன், எல்லாம் சரி. ஆனால் எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டான். கடலில் வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டப் போகிறவன் கடலுக்குத் தாங்குவானா என்று பார்க்க, போன சனிக்கிழமை குளச்சலில் மீன்பிடிக்கிற ஷிபுவின் வள்ளத்தில் அவனையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். நீ வாங்கித் தந்த கையடக்க ஜிபிஎஸ் என் கையில் இருந்ததால் வழிகாட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன், ஷிபு ஏனோ சிரித்தான், கொஞ்ச தூரம் போனதும் மழை மூட்டம் இறங்கிக் கரை மறைந்துவிட்டது, நான் துளியும் பதறவில்லை, திரையில் நம் வள்ளம் குளச்சல் துறைமுகத்துக்கு நேரே ஆடாமல் அசையாமல் நின்றது, எவ்வளவு நிதானமான கருவி என்று பெருமையாக இருந்தது.

"ஷிபு, நேரே விடுடே! துறைமுகம் வந்தாச்சு!" என்றேன்.

உடனே இந்தப் பையன், "மாமா, வள்ளம் இம்புட்டு நேரமா ஓடுது, திரையில அசையவே இல்லியே? ஒருக்கா வேற வழியிலயும் பாத்துக்கிடலாமா?" என்கிறான். வானத்திலிருந்து சாட்டிலைட் பார்த்துச் சொல்லும்போது இவனுக்கு வேறு வழி வேண்டுமாம்! என் சம்மதம் இல்லாமலே இன்ஜினை நிறுத்தச் சொல்லி, நங்கூரக் கயிற்றை இறக்கச் சொன்னான். கொஞ்சம்தான் இறங்கியது, அதற்குள் ஷிபு, "அண்ணா, தரை தட்டியாச்சு! துறைமுகத்துக்கு நேர இன்னும் ஆழம் உண்டும், இது நம்ம எடம் இல்ல!" என்று கத்தினான். அதோடு விட்டானா? எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், முன்னால் எங்கோ பாறையில் அலை உடைகிற சத்தம் கேட்டது, அந்த நேரம் பார்த்து மூட்டம் கொஞ்சம் விலகியது, வலப்பக்கம் இருக்க வேண்டிய முட்டம் கலங்கரை விளக்கம் இடப்பக்கம் நிற்கிறது! நீரோட்டம் எங்களை முட்டத்தையும் தாண்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அம்மா என் கையிலிருந்த ஜிபிஎஸ்ஸைப் பிடுங்கிப் பார்த்து, "சவம், இது எப்பளோ நின்னு போச்சு! இத வச்சா எங்கள கூட்டிட்டு வந்திய?" என்றாள். மாப்பிள்ளை ஆகப் போகிறவன் முன்னால் இப்படிக் கேட்கலாமா? ஷிபு வள்ளத்தைத் திருப்பினான், அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்தே குளச்சல் வந்து சேர்ந்தோம். கரையில் அம்மா அவனுக்கு மீன் பொரித்து வாங்கிக் கொடுத்தாள், எனக்குச் சாயா மட்டும். உயிர் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மக்களே ஜெஸ்பின், ஒரு கருவியையே நம்பாதவன் பெண்டாட்டியை எப்படி நம்புவான்? யோசித்துப் பார்.

எந்தத் துறைமுகத்திலும் உனக்கு நல்ல தண்ணீரும் நல்ல மனிதரும் கிடைக்க வாழ்த்தும்,
அப்பா நேசையன்.

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் அம்மா உனக்குப் போன் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டாள். "அப்பா, கப்பல்ல எனக்க வேலையே இதுதான்! ஜிபிஎஸ் ஒண்ணு சொன்னா, வெளக்கு, ஆழம், ரேடார் எல்லாத்தையும் கேட்டுட்டுதான் நகருவோம். அவரு நம்பர மொதல்ல தாங்க!" என்று நீ போட்ட சத்தத்தில் ஆடு மிரண்டது. அதன்பிறகு உன் போனும் பிஸி, அவன் போனும் பிஸி. ஆகவே மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. போதகரிடம் கல்யாணத்துக்கு நாள் கேட்கக் கிளம்பிவிட்டேன். உனக்குச் சம்மதம்தானா என்று அம்மாவிடம் ஒரு தடவையும் அவன் வீட்டில் ஒரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.