டாலி அண்ணாச்சி எழுதிய ரிமார்க்

தூத்துக்குடியிலேயே மனித குலத்தை அறவே நம்பாத ஆள் யார் என்று போட்டி வைத்தால் டாலி அண்ணாச்சிக்குத்தான் முதல் பரிசு. டீ கொடுத்தால்கூட, கோப்பை ஒன்றுதானா என்று பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணுகிற வேலை. கப்பல் பக்கம் ஒருவர் எண்ண வேண்டும், கரைப் பக்கம் ஒருவர் எண்ண வேண்டும், இருவரும் ஒரே சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டால் அவர் திரும்பும்வரை கிரேன் அந்தரத்தில் நிற்கும். ஓய்வு பெற்றபின் அவர் எங்களிடம் வேலைக்கு வந்தார்.

நாங்கள் என்றால், பாளையங்கோட்டை சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளில் நடந்த ஆன்லைன் டியூஷன் நிறுவனம். அங்கே கால அட்டவணை போடுவது என் வேலை. 'ஒவ்வொரு வகுப்பும் கண்காணிக்கப்படுகிறது' என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகுதான், கண்காணிக்க ஓர் ஆள் வேண்டுமே என்று மேனேஜருக்கு உறைத்தது. வயதானவர், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார் என்று நம்பித்தான் அண்ணாச்சியை எடுத்தார்கள். இது என் ஊகமல்ல. மேனேஜரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னது.

அண்ணாச்சி தூங்கவில்லை. அட்டையில் காகிதம் சொருகி, அதில் நூல் கட்டிய பென்சிலைத் தொங்கவிட்டு, திரையில் தெரிந்த எட்டு வகுப்புகளையும் ஒன்று விடாமல் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இங்கன கப்பல் பக்கத்துக்கு நான் இருக்கேன். அங்கன வீட்டுப் பக்கத்து டாலி எங்க?"

"அப்படி ஒருத்தர் கிடையாது அண்ணாச்சி."

"கெடையாதா? அப்ப எந்த தைரியத்துல க்ளாஸை எறக்குதிய?"

அடுத்த வாரமே சட்டம் போட்டார். பிள்ளை படிக்கும் அறையின் கதவு திறந்திருக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் அவர் கேமரா முன்னால் வந்து 'சரி' என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் யாரும் தன் சொந்த எண்ணைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. கதவு சாத்தியிருந்தால் வகுப்பு நடக்கும்போதே அந்த வீட்டுக்கு போன் போகும்.

"ஏளா, மீன்கொழம்பு கொதிச்சா கொதிக்கட்டும். புள்ள ரூம் கதவு சாத்தியிருக்கு, போய்த் தெற."

முன்பின் தெரியாத பெண்களை 'ஏளா' என்று கூப்பிட்டதற்காக மட்டும் நான்கு புகார்கள் வந்தன. ஆலந்தலையிலிருந்து ஓர் அம்மா, "பின்னால மாதா சுரூபம் இருக்கு, அவுக பாத்துக்கிடுவாக" என்று அமைதியாகச் சொன்னார்.

"பாத்துக்கிடுவாக, நான் இல்லன்னு சொல்லல. 'சரி'ன்னு சொல்லுவாகளா?"

நாசரேத்திலிருந்து, மகளை எங்களிடம் படிக்க விட்டிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் அண்ணாச்சிமேல் பதினொரு குறைகளை வரிசையிட்டு எழுதிய கடிதத்துடன் நேரிலேயே வந்துவிட்டார். அண்ணாச்சி கடிதத்தை வாங்கி, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"பத்துதான் இருக்கு டீச்சர். ஏழாவதக் காணோம். யோசிச்சு எழுதுங்க, நான் காத்திருக்கேன்."

அந்த அம்மாள் உண்மையிலேயே உட்கார்ந்து யோசித்து ஏழாவதை எழுதினார். 'குறை கேட்கும்போதுகூட மரியாதையில்லை.' எழுதி முடித்ததும் தன் மகள் வகுப்பில் கதவு திறந்திருக்கும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் ஒரே ஓர் ஆசிரியர். கணக்கு எடுப்பவர். நோட்டீஸில் அவர் படம்தான் பெரிதாக இருக்கும். "அவர் ஸ்டார். அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று மேனேஜர் விதிவிலக்குக் கொடுத்தார். யாருக்கு விதி மிகவும் தேவையோ அவருக்கே விலக்கு!

தருவைகுளத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மாவுக்கு மீன் பதப்படுத்தும் கம்பெனியில் புதனும் சனியும் மாலை ஷிப்ட். அந்தப் பிள்ளையின் வகுப்பைப் புதனுக்கும் சனிக்கும் மாற்றித் தரும்படி ஸ்டார் கேட்டார். கட்டம் காலியாக இருந்தது, மாற்றிக் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்தவள் நான்தான். அதன்பின் ஒரு மணி நேர வகுப்பு ஒவ்வொன்றும் நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடிந்தது. 'நெட் கோளாறு, பன்னிரண்டு நிமிடம் குறைவு' என்று என் குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தேன். எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணாச்சி தன் அட்டையை என் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கப்பல்ல அறுவது மூட்டை. கரையில நாப்பத்தெட்டு. மிச்சம் பன்னெண்டு கடல்லயா விழுந்துச்சு? வேற தோணியில எறங்குது தங்கச்சி."

அன்றே அந்த அம்மாவுக்கு போன் செய்தார். அவர் 'ஏளா' போடாமல் பேசி அன்றுதான் கேட்டேன். "புள்ளைய அதட்டாதம்மா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. பக்கத்துல உக்காந்து மெதுவாக் கேளு."

பிள்ளை சொல்லிவிட்டது. வகுப்பை முன்னதாகவே முடித்துவிட்டு அந்த ஆள் தன் சொந்த எண்ணிலிருந்து வீடியோவில் கூப்பிட்டிருக்கிறான். கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறான். என்ன கேட்டான் என்பதை நான் எழுத மாட்டேன். பிள்ளை மறுத்திருக்கிறது. மறுத்துவிட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறது.

மேனேஜர் எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணாச்சி எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இதைப் பெருசு பண்ண வேண்டாம். தப்பா ஒண்ணும் நடந்துடலையே. அவரே ரிசைன் பண்றாரு. ஒரு சர்டிபிகேட் கொடுத்து கௌரவமா அனுப்பிடுவோம். வெளிய தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்குத்தான் அசிங்கம்." என் பக்கம் திரும்பினார். "மேடம், டைப் பண்ணிடுங்க. 'நடத்தை மிக நன்று.'"

பிள்ளைக்கு எதற்கு ஐயா அசிங்கம்? செய்தவன் சான்றிதழோடு போவான், பிள்ளை தலைகுனிந்து உட்கார வேண்டுமா? இதை நான் கேட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி கேட்டார்.

"மேனேஜரே, ஒருவாட்டி பால்மாவு பெட்டி எறங்குச்சு. நாப்பது பெட்டி நசுங்கி, தண்ணி பட்டுக் கெடக்கு. நசுங்கியிருக்குன்னு சீட்டுல ரிமார்க் எழுதாத, க்ளீனா கொடுன்னு கப்பல்காரன் கையப் புடிச்சுக் கெஞ்சுதான். க்ளீன் ரசீது கொடுத்தா அந்தப் பெட்டி எங்கவே போவும்? கடைக்குப் போவும். எவ வீட்டுப் புள்ளையோ குடிக்கும். நான் எழுதுனேன். பெட்டிக்கே எழுதுனவன் இவனுக்கா விட்டுக் கொடுப்பேன்? நீரு கொடுக்கிற சர்டிபிகேட்ட வச்சு நாளைக்கு வேற கம்பெனியில வேற புள்ள முன்னால போயி உக்காருவாம்லா!"

"வேலை போயிடும் அண்ணாச்சி" என்றார் மேனேஜர்.

"போட்டும். இவ்வளவு நேரம் பேசுனீரே, அந்தப் புள்ள சாப்பிட்டுச்சான்னு ஒருவாட்டி கேட்டீரா?"

தேதியும் நேரமும் வரிசையாக எழுதிய தாளை என் முன்னால் தள்ளினார். கீழே அவர் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் இடம் விட்டிருந்தார். என் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. கையெழுத்துப் போட்டேன். சான்றிதழை டைப் செய்யவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மா, அண்ணாச்சி, நான் மூவரும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போனோம். பஸ்ஸில் அந்த அம்மா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "எம் புள்ள பேரு வெளிய வந்துருமா?" வராது, வெளியிடுவதுதான் குற்றம் என்று அங்கிருந்த பெண் அதிகாரி சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். புகார் ஏழு பக்கம். அண்ணாச்சி எண்ணிக் கொடுத்துவிட்டு, "நீங்களும் ஒருவாட்டி எண்ணிருங்கம்மா" என்றார். அதிகாரி சிரிக்காமல் எண்ணினார்.

அந்த ஆள் மீது வழக்கு நடக்கிறது. எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. பிள்ளை இப்போது உள்ளூர் டீச்சர் ஒருவரிடம் கணக்குப் படிக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று அதன் அம்மா சொன்னார்.

அண்ணாச்சி தினமும் காலை எனக்கு போன் செய்வார். எங்கள் தெருவில் எந்தெந்தப் பிள்ளை போனில் படிக்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். தெரியவில்லை என்றால் திட்டுவார். சென்ற வாரம் மூன்று நாள் போன் வரவில்லை. நான்காம் நாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். காய்ச்சல் விட்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, இந்தப் பக்கம்? ஏதும் சோலியா?"

ஆமாம், பக்கத்தில் ஒரு வேலை இருந்தது என்றேன். அப்படி ஒரு வேலையும் எனக்கு இருக்கவில்லை.