நாற்காலியில் படுத்த சைக்கிள்

“டாக்டர், நாற்காலியில சைக்கிள் படுத்திருக்கே. நான் எங்க படுக்கிறது?”

லேத் பட்டறைக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். அந்தக் கிளினிக்கில் சனிக்கிழமை என்றால் பல் பிடுங்கும் நாள். அன்றைக்கு முதல் ஆள் அவர்தான்.

பல் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நோயாளிகளைச் சாய்க்கும் நாற்காலியில் பச்சை நிற ஃப்ரேம் ஒன்று மல்லாந்து கிடந்தது. ஒரு காலத்தில் பந்தயத்தில் பறந்த சைக்கிள். இப்போது சக்கரமும் இல்லை, செயினும் இல்லை. பழைய சாமான் கடையில் அதைப் பார்த்த நிமிஷமே டாக்டர் மனசைப் பறிகொடுத்துவிட்டார். மீதிப் பாகங்களை ஊரெல்லாம் தேடி ஓர் அட்டைப் பெட்டி நிறையச் சேர்த்தும் விட்டார்.

வீட்டில்தான் இடம் கிடைக்கவில்லை. துணிக்கொடியில் சட்டைகளோடு ஃப்ரேமும் தொங்குவதைப் பார்த்த மனைவி, அன்றே தீர்ப்பை எழுதிவிட்டாள். “இந்த மாசக் கடைசிக்குள்ள இது உருண்டு வாசலுக்கு வரணும். இல்லேன்னா உருக்கப் போயிடும்.”

அதனால்தான் கிளினிக்.

“ஒரே நிமிஷம் பொறுங்க,” என்றார் டாக்டர். “சீட் கம்பி உள்ளயே இறுகிக் கிடக்கு.” சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி, ஈறில் ஊசி போடும் பக்குவத்தோடு கம்பியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

பட்டறைக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். “இதெல்லாம் ஊசிக்கு மசியாது டாக்டர். நகருங்க, இது நம்ம தொழில்.”

வெளியே போய் ஒரு நீளமான இரும்புக் குழாயோடு வந்தார். கம்பியில் மாட்டினார். முழு உடம்பையும் சாய்த்து ஒரு திருகு திருகினார்.

‘டக்!’

கம்பி ஃப்ரேமின் விளிம்போடு முறிந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். “வேர் உள்ள மாட்டிக்கிச்சா டாக்டர்?”

டாக்டருக்கு முகம் செத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் எந்த வாயிலும் அவர் வேரை முறித்ததில்லை.

“அய்யய்யோ, என்னால வந்த வினை,” என்று பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “என் பல்லு கிடக்கட்டும் டாக்டர், இதை முதல்ல கவனிங்க. நான் அடுத்த சனிக்கிழமை வர்றேன்.”

பெஞ்சில் காத்திருந்த கணக்கு வாத்தியாரும் தையல்காரம்மாவும் எழுந்தார்கள். “எங்களுக்கும் ஒண்ணும் அவசரமில்ல டாக்டர்.”

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரம் சைக்கிளுக்கே போயிற்று. மெல்லிய ரம்பத்தால் உள்ளிருந்த கம்பியில் கீறல் போட்டு, வேர் எடுக்கும் கருவியால் நெம்பி நெம்பி, வெள்ளிக்கிழமை கடைசித் துண்டையும் வெளியே எடுத்தார். உடனே மனைவிக்குப் போன்.

“வந்துடுச்சு!”

“யாரு?”

“வேரு!”

“எந்தப் பேஷண்டோடது?”

“சைக்கிளோடது!”

போன் வைக்கப்பட்டது.

இரண்டாவது சனிக்கிழமை பெடல் அச்சின் முறை. அச்சைப் பிடித்திருந்த வளையத்தைக் கழற்றி கிரீஸ் போட்டாக வேண்டும். டாக்டர் ஸ்பேனரை மாட்டும்போது கணக்கு வாத்தியார் பின்னால் வந்து நின்றார்.

“என்ன, அந்தப் பக்கமா திருப்புறீங்க?”

“வலது பக்கம் மட்டும் மரை உல்டாவா இருக்கும்னு படிச்சேன் சார்.”

“மரைக்கு ஏது வலது இடது? கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினா இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினா கழலும். கொண்டாங்க இப்படி.”

பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை வருஷம் ஆனாலும் கணக்கு வாத்தியார் கேட்டால் கை தானாக நீண்டுவிடுகிறது. வாத்தியார் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றார். வளையம் முனகியது. பிறகு, சிமெண்ட் வைத்துப் பூசியதுபோல ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது.

“அடடே! அப்போ நீங்க சொன்னதுதான் சரி போலிருக்கு,” என்றார் வாத்தியார், கையைத் துடைத்துக்கொண்டே. “உங்க கையெல்லாம் கிரீஸா இருக்கு டாக்டர். பல்லை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.”

அதை இளக்க மூன்று நாள் ஆனது. நர்ஸம்மா ஃப்ரேமைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, டாக்டர் ஸ்பேனரில் தொங்கினார். வளையம் திடீரென விட்டுக்கொடுத்ததில் இருவரும் ஆளுக்கொரு சுவரில் போய் மோதினார்கள். ஆனாலும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை சைக்கிளுக்குச் சக்கரம் வந்திருந்தது, செயின் வந்திருந்தது. ஆட்டுக்கொம்புபோல வளைந்த ஹேண்டில்பாரைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்குக் கண் விரிந்தது. “இதுக்குத் தோல் பட்டை சுத்தணுமில்ல? நான் சுத்தித் தர்றேன் டாக்டர். என் கை பட்டா தனி அழகு.”

டாக்டர் போன் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. அழகில் குறையே இல்லை. பிரேக் பிடியையும் சேர்த்துச் சுற்றி, இரட்டைத் தையல் போட்டு, நூலைக் கடித்துத் துப்பியும் விட்டாள்.

“அம்மா… பிரேக் கேபிளே இன்னும் மாட்டலையே.”

“அப்படியா? சொல்லவே இல்லையே நீங்க!”

நாலு நாள் சாயங்காலம், பல்லில் காரை சுரண்டும் கொக்கியால் அந்தத் தையலை டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். கோபம் வரவில்லை. மனசு நெகிழ்ந்துதான் போனது.

“வலியோட வர்றாங்க. அதை மறந்துட்டு என் சைக்கிளுக்காக உழைக்கிறாங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?” என்றார் மனைவியிடம்.

“மாசம் முடிய மூணே நாள்,” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டாக்டர் யாரையும் எதிர்பார்க்காமல் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தார். சனிக்கிழமை காலை மூன்று பேரும் உள்ளே நுழைந்தபோது, சுவரோரம் பச்சைப் பசேலென்று சைக்கிள் நின்றது.

கணக்கு வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். பட்டறைக்காரர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். தையல்காரம்மாவின் கண் கலங்கியது. பாசக்கார ஜனங்கள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன். அப்புறம் உங்க மூணு பேரையும் கவனிக்கிறேன்!”

வெள்ளைக் கோட்டோடு ஏறி உட்கார்ந்து மிதித்தார். சைக்கிள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, இறக்கத்தில் கோட்டு இறக்கைபோல விரிய, டாக்டர் வாய்விட்டுக் கூவினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் மணியடித்தார். மனைவி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள், செயினைப் பார்த்தாள், கிரீஸ் அப்பிய கணவனின் மூக்கைப் பார்த்தாள்.

“சரி, வாசலுக்கு வந்துடுச்சு,” என்றாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். “இறங்குங்க. நான் ஒரு சுத்து போறேன்.”

ஒரு சுற்று மூன்று சுற்றானது. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் அவள் சின்னப் பெண்போலச் சிரித்துக்கொண்டே மணியடித்தாள். டாக்டர் கெஞ்சித்தான் சைக்கிளைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

கிளினிக்குக்குத் திரும்பியதும் கையைத் தேய்த்துக் கழுவினார். கையுறை மாட்டினார். காலி நாற்காலியைத் தட்டிக்கொடுத்து, உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

“யாரு முதல்ல? வாங்க, வாங்க!”

எட்டிப் பார்த்தார். பெஞ்ச் காலியாக இருந்தது.

“எங்கே அவங்கல்லாம்?”

நர்ஸம்மா பஞ்சு உருட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஓடிட்டாங்க டாக்டர்! சைக்கிள் முடிஞ்சா நாற்காலி காலியாகிடுமேன்னுதானே, இத்தனை வாரமா மூணு பேரும் முறை வச்சு அதைக் கெடுத்துக்கிட்டு இருந்தாங்க.”