பாதி விலை ஜப்பான் விருந்து

சாகுல் ஹமீதுக்கு மீன் என்றால் கொள்ளை ஆசை. ஆனால் அது வெந்து குழம்பில் கிடக்க வேண்டும். இப்போது அவர் முன்னால் இருந்த சஹன் என்கிற அகலத் தட்டில், எலுமிச்சை பிழிந்த சோற்று உருண்டைகளின் மேல் படுத்திருந்த மீன் துண்டுகள் அடுப்புப் பக்கமே போனதாகத் தெரியவில்லை.

“ஏலே வீரா, இது வெந்திருக்கா?”

“வெந்துட்டா அப்புறம் அது எப்படி பாய் ஜப்பான் சாப்பாடு?” என்றான் வீரன்.

வீரன், சண்டைக் காலத்தில் மலாயாவில் ஜப்பான்காரர்களின் முகாமில் அகப்பட்டுக் கிடந்தவன். ஊர் திரும்பிப் பல வருஷம் யோசித்துவிட்டு, போன திங்கட்கிழமை திண்டுக்கல் ரயிலடிக்கு எதிரே ‘நவீன ஜப்பான் ஹோட்டல்’ என்று போர்டு மாட்டியிருந்தான். அதற்குக் கீழே, ‘முதல் வாரம் பாதி விலை’ என்று எழுதியிருந்தது. இருந்தும் பக்கத்துப் பிரியாணிக் கடையைத் தாண்டி ஒரு ஆள் இந்தப் பக்கம் வரவில்லை. முதலில் வந்து மாட்டியவர் சாகுல் ஹமீதுதான்.

“முகாம்ல நீ சமையல் வேலையா பாத்தே?”

“சவரம், பாய். எதுவா இருந்தா என்ன, கத்தி பிடிக்கிற கைதான?”

சாகுல் ஹமீது வாசலைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாம் என்றால், எதிரே அவர் கூட்டி வந்த ஜப்பான்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் சாகுல் ஹமீதின் பிழைப்பே இருந்தது. அவர் அப்துல் ஜப்பார் முதலாளியின் தோல் மண்டியில் மேனேஜர். முதலாளி மெட்ராசுக்குக் கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். “ஜப்பான்ல இருந்து தோல் வாங்க ஒருத்தரு வாராரு. அவரு மனசு கோணாமப் பாத்துக்க. இந்த ஆர்டர் மட்டும் கைநழுவிப் போச்சு, அப்புறம் நீ மண்டிப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே.”

சாயங்கால ரயில் வந்து நின்றதும், முன்பெட்டியிலிருந்து ஒரு ஜப்பான்காரர் இறங்கினார். சாகுல் ஹமீது பாய்ந்து போய், “ஜப்பான்?” என்று கேட்டார். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், அவர் கைப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு அவரை நேரே இங்கே இழுத்து வந்துவிட்டார். சொந்த ஊர்ச் சாப்பாட்டைப் பார்த்தால் மனுஷன் உருகிப் போவான், அதுவும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டார். தானும் தின்ன வேண்டியிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

தனித்தனி இலை என்றால் ஒளித்து மறைத்து ஏதாவது செய்யலாம். சாகுல் ஹமீதோ, விருந்தாளிக்கு மரியாதை என்று ஒரே சஹனில் வைக்கச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் ஒரே அகலத் தட்டில் கை போடும்போது, ஒருவர் தின்னாவிட்டால் மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

ஜப்பான்காரர் வீரனைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“பாய், அவரு என்ன கேக்குறாருன்னா...”

“வாயைப் பொத்து! உனக்குத் தெரிஞ்சது முகாம்ல கத்துக்கிட்ட பேச்சு. சிப்பாய்ங்க திட்டுன வார்த்தைய எடுத்து விட்டு என் குடியக் கெடுத்துராதே. நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாது.”

சாகுல் ஹமீது கண்ணை மூடிக்கொண்டு, ‘பிஸ்மில்லா’ சொல்லி ஒரு துண்டை மெல்லாமல் விழுங்கினார். அது தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே போயும் நீந்துகிற மாதிரி இருந்தது.

இனிமேல் ஒன்று கூட முடியாது என்று, மீதித் துண்டுகளை உபசாரமாக ஜப்பான்காரர் பக்கம் தள்ளினார். ஜப்பான்காரர் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு அவற்றைத் திரும்ப இந்தப் பக்கமே தள்ளினார். இவர் தள்ள, அவர் தள்ள, மீன் ஆற்றில் நீந்தியதைவிட அந்தச் சஹனில் அதிக தூரம் போயிருக்கும்.

“வீரா, மிளகாய்ப்பொடி கொண்டாடா!”

காரத்தில் கவிச்சி அடங்கும் என்ற நம்பிக்கையில் தன் பக்கத்து மீன்மேல் பொடியை அள்ளிக் கொட்டினார். ஜப்பான்காரர் அதைக் கவனமாகப் பார்த்தார். தானும் செய்ய வேண்டிய சடங்கு போலிருக்கிறது என்று, பொடி அப்பிய துண்டு ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. மூச்சு வாங்கக்கூட முடியவில்லை.

“ரப்பே! கொன்னுட்டேன்!” சாகுல் ஹமீது துள்ளி எழுந்தார். “சோறு! வெறுஞ்சோறு கொண்டாடா!”

வெறுஞ்சோறு நாலு வாய் உள்ளே போனதும் ஜப்பான்காரருக்கு உயிர் வந்தது. கூடவே, ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை விரலில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

சோற்றில் கல்லா, புழுவா? சாகுல் ஹமீதும் குனிந்து உற்றுப் பார்த்தார். ஆனால் ஜப்பான்காரரின் முகம் மலர்ந்தது. கட்டைவிரலையும் இரண்டு விரலையும் சேர்த்து, தரையில் வரிசையாக இங்கே, இங்கே, இங்கே என்று குத்திக் காட்டினார்.

“இங்க வை, இங்க வைங்கிறாரு. இன்னும் மீன் கேக்குறாரு!”

“இல்ல பாய், அவரு வந்து...”

“விருந்தாளி கேக்கையில இல்லைங்கலாமா? வைடா!”

இன்னொரு சஹன் வந்தது. அதைப் பார்த்ததும் ஜப்பான்காரர் வெளுத்துப் போனதை சாகுல் ஹமீது கவனிக்கவில்லை. அவர் தன் சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். வீட்டில் மெஹராஜ் அழுவாள். ‘என்ன நோயில் போனார்?’ என்று கேட்பவர்களிடம் என்ன சொல்லுவாள்? பாதி விலை மீனில் போனார் என்றா? உண்மையாகவே பயமாக இருந்தது. ஆனால் முதலாளியின் முகம் அதைவிடப் பயமாக இருந்தது.

சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று வேகவேகமாக விழுங்கினார். அவர் வேகத்தைப் பார்த்து ஜப்பான்காரரும் மிரண்டு போய் வேகவேகமாக விழுங்கினார். சஹன் காலியானது. காலிச் சஹனைப் பார்த்த வீரன், விருந்து வைக்கிற பாய்க்குக் கேவலம் வந்துவிடக் கூடாதே என்று கேட்காமலே மறுபடியும் நிரப்பினான்.

அதையும் எப்படியோ காலி செய்து, ஜப்பான்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடுப்பு வரை குனிந்து வணங்கி, நடுங்குகிற குரலில் நீளமாக ஏதோ பேசினார்.

சாகுல் ஹமீது வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “இப்பச் சொல்லு வீரா. மனசு குளுந்துருச்சாமா?”

“பச்சை மீனே அவருக்கு ஆகாதாம் பாய். இந்த ஊரு வழக்கம்னு நெனச்சு, உங்களுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இம்புட்டையும் தின்னாராம்.”

“யா அல்லா! அப்ப என் தோல் ஆர்டர்?”

“அவருக்கும் தோலுக்கும் என்ன பாய் சம்பந்தம்? அவரு வடமதுரை வெள்ளாமைக்காரங்களுக்கு ஜப்பான் முறையில நாத்து நடச் சொல்லிக் குடுக்க வந்தவராம். நீங்க அவர இழுத்துக்கிட்டு வந்தப்ப, அவரோட அதே ரயில்ல வந்த தோல் வாங்குற ஜப்பான்காரரு பக்கத்துலதான் பெட்டியும் கையுமா நின்னாராம்.”