பொட்டு வைத்த பலகை

கொரியாவில் யாரோ காலைத் தூக்கி உதைக்கப் பழகினார்கள். அந்த உதை கடல் தாண்டி, கண்டம் தாண்டி, உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செம்பட்டிக்கு வந்தது. வந்தது வரட்டும். நேராகப் பொன்ராஜ் வீட்டுக்குள்ளேயா நுழைய வேண்டும்?

தப்பு அவருடையதுதான். கல்யாண மண்டபத்தில் டேக்வாண்டோ வகுப்பு தொடங்கியபோது, ஜோடியாகச் சேர்ந்தால் ஒரு சீருடை இலவசம் என்றார்கள். இலவசத்தை விடுவாரா? மனைவி செல்லக்கிளியையும் இழுத்துப்போய்ச் சேர்த்தார். நாலு வருடத்தில் இருவருக்கும் கறுப்பு பெல்ட் கிடைத்தது. செல்லக்கிளியின் பெல்ட் இடுப்பில் நின்றது. அவருடையது தொப்பைக்கு மேலா கீழா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது மாஸ்டர் துபாயில் கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிட்டார். அடுத்த மாஸ்டர் புருஷனா, பெண்டாட்டியா? ஞாயிற்றுக்கிழமை கொரியாவிலிருந்து பெரிய மாஸ்டர் வருகிறார். ஒரே உதையில் பலகையை உடைப்பவருக்குப் பதவி. இருவருமே உடைத்தால் வயதில் மூத்தவருக்கு. மாஸ்டரை மற்றவர்கள் இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்பது வகுப்புச் சட்டம். ஊர் பார்க்கக் கட்டின பெண்டாட்டிக்குக் குனிவதா? பொன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

உடைக்க வாங்கி வைத்த பத்துப் பலகைகளும் அவர் வீட்டில்தான் இருந்தன. சனிக்கிழமை செல்லக்கிளி சந்தைக்குப் போன நேரத்தில், ஒரு பலகையின் பின்பக்கத்தைப் பாதி ஆழத்துக்கு அறுத்தார். அடையாளம் வேண்டுமே? பேனாவால் கோடு போட்டால் சந்தேகம் வரும். குங்குமம் வைத்தால் பக்தி என்பார்கள். முன்பக்கம் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மண்டபத்தில் பலகைச் சாக்கைப் பிரித்தார். எல்லாப் பலகையிலும் பொட்டு!

"ஏண்டி, இம்புட்டுப் பலகைக்கும் பொட்டு வச்ச?"

"நல்ல காரியத்துக்குப் போற சாமான். மூளியாவா அனுப்புவாக?"

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணுக்கு மட்டும் வச்சா மத்தது கோவிச்சுக்கிறாதா?"

திருப்பிப் பார்க்கலாமென்றால் கொரிய மாஸ்டர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். குலசாமியை நினைத்து ஒன்றை உருவிப் பிடிப்பவரிடம் கொடுத்தார். ஓடினார், கத்தினார், உதைத்தார். பலகை அப்படியே இருந்தது. கட்டைவிரல்தான் கத்தரிக்காயாக வீங்கியது.

செல்லக்கிளி சத்தமில்லாமல் வந்தாள். ஒரே உதை. பலகை இரண்டாக விழுந்தது. மண்டபமே எழுந்து கைதட்டியது; பொன்ராஜும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வாளி நிறைய வென்னீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கால வைங்க. வீக்கம் வத்தும்."

"அதுக்குள்ள எப்படிடி வென்னி போட்ட?"

"விறகு காலைலயே எடுத்து வச்சுட்டேன். பாதி அறுத்த பலகை, சட்டுனு பத்திக்கிச்சு."

பொன்ராஜ் தூக்கிய காலைக் கீழே வைத்தார். "எப்படித் தெரிஞ்சது?"

"இந்த வீட்டுல பொட்டு வைக்கிறது யாரு? நான் வைக்காத பொட்டு ஒண்ணு இருந்தா, திருப்பிப் பாக்க மாட்டேனா?"

மறுபடியும் காலை வாளியில் விடப் போனார்.

"செத்த நேரம் பொறுங்க. மாஸ்டர் முன்னாடி இப்படித்தான் உக்காந்திருப்பாகளா?"

பொன்ராஜ் ஒற்றைக் காலில் எழுந்து நின்று இடுப்பை வளைத்தார்.